ஒரே அளவுகோலால் அளந்தவர்கள்

பத்தாம் வகுப்புப் புவியியலில் இந்திய மக்கள்தொகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வளைகோடு ஒன்றை மேல்நோக்கி வரைந்துவிட்டு, "மக்கள்தொகை தொடர்ந்து பெருகி வருகிறது" என்று வழக்கம்போல் தொடங்கினேன். இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள்.

"டீச்சர், ஜனத்தொகை கூடிக்கிட்டே போகுதுன்னு சொல்றீங்க. எங்க ஊரு தொடக்கப் பள்ளியில ஒண்ணாம் வகுப்புல மொத்தமே ஏழு பேருதான் இருக்காங்க. எங்க அம்மா படிச்சப்ப அதே வகுப்புல நாப்பது பேராம்."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியார் பள்ளி, வேலை தேடி வெளியூர் போன குடும்பங்கள் என்று சில காரணங்களைச் சொல்லிச் சமாளித்தேன். அவையும் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது வேறு. நாடு முழுமைக்கும் ஒரே வளைகோடு வரைந்து காட்டுகிறீர்களே, என் ஊர் அதில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது, இதே கேள்வியைக் கேட்ட ஆய்வாளர்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பதில் காண அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்பு எப்படி நடந்தது, என்ன கண்டது, எங்கே சறுக்கியது, நம் வகுப்பறைக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைப் பகிர்வதே இக்கட்டுரை.

இரண்டு எண்கள், ஒரே மாநிலம்

முதலில் நம் மாநிலத்தின் எண்ணைத் தேடினேன். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டுவது மொத்தக் கருவுறுதல் விகிதம். இறப்பு குறைவாக உள்ள சமூகத்தில் இது 2.1 அளவில் இருந்தால், ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நிரப்பும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டுக்கு 1.8 என்கிறது. மாதிரிப் பதிவு அமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை 1.4 என்கிறது. இந்தியாவுக்கு இரண்டுமே 2.0 என்று சொல்கின்றன. பீகாருக்கும் இரண்டிலும் 3.0தான்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு? இரண்டு அமைப்புகளும் அளக்கும் முறை வேறு. குடும்ப நல ஆய்வில் கணக்கெடுப்பாளர் வீட்டுக்குச் சென்று, 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் அவர்களுடைய பிரசவ வரலாற்றைக் கேட்கிறார். ஆய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுப் பிறப்புகளிலிருந்து விகிதம் கணக்கிடப்படுகிறது. மாதிரிப் பதிவு அமைப்பிலோ, தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகர்ப் பகுதிகளிலும் உள்ளூர்ப் பகுதிநேரக் கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேற்பார்வையாளர் தனியாக வந்து சரிபார்க்கிறார். அந்த உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோதான் இருப்பார்.

எப்படிப் பார்த்தாலும் தமிழ்நாடு 2.1க்குக் கீழே வந்துவிட்டது. மாதிரிப் பதிவின்படி 1971இல் 3.9 ஆக இருந்த விகிதம் 1993லேயே 2.1ஐத் தொட்டுவிட்டது. அந்த மாணவி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே! நாட்டின் மொத்த எண்ணிக்கை இன்னும் கூடுவதற்குக் காரணம், முந்தைய தலைமுறையில் பிறந்த ஏராளமானோர் இப்போது பெற்றோராகும் வயதில் இருப்பதே. இவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

ஒரு மாநிலத்துக்கே இரண்டு முறையில் அளந்தால் இரண்டு விடை வருகிறது. அப்படியானால் பல நாடுகளை, அவற்றின் நூற்றுக்கணக்கான மாகாணங்களை, நூறு ஆண்டுக் காலத்துக்கு எப்படி ஒப்பிடுவது? பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் முன் நின்ற சிக்கல் இதுதான்.

ஸ்பெயினில் தொடங்கிய கேள்வி

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மக்கள்தொகை ஆய்வு அலுவலகம் உள்ளது. அதன் முதல் இயக்குநர் ஃபிராங்க் நோட்ஸ்டீன். நம் பாடநூல்களில் வரும் மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர். தொழில்மயம், நகரமயம், கல்வி ஆகியவை வளரும்போது முதலில் இறப்பு குறையும், பின்னர் பிறப்பு குறையும் என்பது அந்தக் கோட்பாட்டின் சாரம். கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நாட்டளவிலான எண்களை வைத்துச் சொல்லப்பட்டது.

1960களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு மாணவராக இருந்த வில்லியம் லெஷர், ஸ்பெயினின் மாகாணங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தார். 1900 முதல் 1950 வரை எந்த மாகாணத்தில் பிறப்பு எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டார். கோட்பாட்டின்படி தொழில் வளர்ந்த மாகாணங்கள் ஒரு பக்கமும், வேளாண் மாகாணங்கள் மறுபக்கமும் நின்றிருக்க வேண்டும். வரைபடம் அப்படி அமையவில்லை. ஒரே மொழி அல்லது ஒரே வட்டார வழக்கு பேசும் அண்டை மாகாணங்கள், பொருளாதார நிலை வேறாக இருந்தாலும், பிறப்பு விகிதத்தில் ஒன்றுபோல் இருந்தன.

அப்போது அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஆன்ஸ்லி கோல். எட்கர் ஹூவருடன் சேர்ந்து இந்தியாவின் மக்கள்தொகை வளர்ச்சியையும் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து 1958இல் நூல் எழுதியவர் அவரே. ஸ்பெயினில் தெரிந்தது ஸ்பெயினுக்கு மட்டும் உரியதா, ஐரோப்பா முழுவதும் இப்படித்தானா என்று அவர் கேட்டார். 1963இல் ஐரோப்பியக் கருவுறுதல் ஆய்வுத் திட்டம் தொடங்கியது.

ஹட்டரைட் அளவுகோல்

தொடக்கத்திலேயே ஒரு தடை வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய முறையில் பதிவேடு வைத்திருந்தது. குழந்தை பிறந்தபோது தாயின் வயதைக் குறித்த நாடுகள் குறைவு. தாயின் வயது தெரியாமல் மொத்தக் கருவுறுதல் விகிதத்தைக் கணக்கிட முடியாது.

இரண்டு விவரங்கள் மட்டும் பெரும்பாலும் எங்கும் கிடைத்தன. ஒன்று, ஓராண்டில் பிறந்த குழந்தைகளின் மொத்த எண்ணிக்கை. மற்றொன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது வாரியாகப் பெண்களின் எண்ணிக்கையும் அவர்களில் மணமானவர் எத்தனை பேர் என்பதும். இவற்றை மட்டும் வைத்து எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஓர் அளவுகோலைக் கோல் உருவாக்கினார்.

வட அமெரிக்காவில் ஹட்டரைட் என்னும் கிறித்தவச் சமயக் குழுவினர் கூட்டு வேளாண் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். 1920களில் அவர்கள் கருத்தடை எதையும் பின்பற்றவில்லை. உடல்நலமும் பதிவேடுகளும் நன்றாக இருந்தன. நம்பத்தக்க பதிவுகள் உள்ள சமூகங்களில் மிக உயர்ந்த பிறப்பு விகிதம் அவர்களுடையது. அதையே உச்ச அளவாக எடுத்துக்கொண்டு, மற்ற மாகாணங்கள் அதில் எத்தனை பங்கு என்று பார்த்தார்கள்.

வகுப்பில் செய்து பார்க்க எளிய கணக்கு இது. ஹட்டரைட் சமூகத்தில் மணமான 1,000 பெண்களுக்கு ஓராண்டில் பிறந்த குழந்தைகள்:

20–24 வயது: 550
25–29 வயது: 502
30–34 வயது: 447
35–39 வயது: 406
40–44 வயது: 222
45–49 வயது: 61

ஒரு கற்பனை மாவட்டத்தில் இந்த ஆறு வயதுப் பிரிவுகளிலும் மணமான பெண்கள் தலா 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காக 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் ஹட்டரைட் பெண்களைப் போலவே குழந்தை பெற்றால் ஓராண்டில் 2,188 குழந்தைகள் பிறக்க வேண்டும். உண்மையில் பிறந்தவை 1,094 என்றால், 1,094 ÷ 2,188 = 0.5. இதுதான் அந்த மாவட்டத்தின் குறியீடு.

இன்னொரு மாவட்டத்திலும் மணமான பெண்கள் 6,000 பேர். பிறந்த குழந்தைகளும் அதே 1,094. ஆனால் அங்கே 20–24 வயதில் 2,000 பேர் இருக்கிறார்கள். 45–49 வயதில் ஒருவரும் இல்லை. அப்போது எதிர்பார்க்கும் பிறப்புகள் 2,677. குறியீடு ஏறத்தாழ 0.41. பெண்களின் எண்ணிக்கையும் பிறப்பும் ஒன்றாக இருந்தும், இளம்பெண்கள் மிகுந்த மாவட்டத்தில் குடும்பங்கள் சிறியவை என்பது தெரிந்துவிடுகிறது. வெறும் பிறப்பு விகிதம் மறைத்ததை இந்தக் குறியீடு காட்டுகிறது. மாணவர்களிடம் எண்களை மட்டும் கொடுத்து, எந்த மாவட்டத்தில் குடும்பம் சிறியது என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு கணக்கிடச் சொல்லுங்கள்.

பங்கிட்டுக் கொண்ட வேலை

அளவுகோல் ஒன்று, வேலை பலருடையது. பெல்ஜியத்தில் பிறந்த எத்தியென் வான் டி வாலே பிரான்சை எடுத்துக்கொண்டார். இத்தாலியரான மாஸிமோ லிவி பாச்சி போர்ச்சுகலையும் இத்தாலியையும் ஆராய்ந்தார். ஜான் நோடல் ஜெர்மனியை, ரான் லெஸ்தாக பெல்ஜியத்தை, மைக்கேல் டீட்டல்பாம் பிரிட்டனை எடுத்துக்கொண்டார்கள். பனிப்போர்க் காலத்திலும் ரஷ்யா விடுபடவில்லை. கோல், பார்பரா ஆண்டர்சன், எர்னா ஹார்ம் ஆகிய மூவரும் 1979இல் ரஷ்யா பற்றிய நூலை வெளியிட்டார்கள்.

அந்தந்த நாட்டின் மொழியையும் ஆவணங்களையும் அறிந்தவர் ஒருவர் பழைய பதிவேடுகளுக்குள் இறங்கினார். பதிவில் விடுபட்ட பிறப்புகளை மதிப்பிட்டார். போராலும் ஆட்சி மாற்றத்தாலும் மாறிய எல்லைகளைச் சரிசெய்தார். எல்லோரும் முடிவில் அதே குறியீட்டைக் கணக்கிட்டார்கள். அதனால் போர்ச்சுகலின் ஒரு மாகாணத்தை ரஷ்யாவின் ஒரு மாகாணத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது.

1986இல் கோலும் சூசன் வாட்கின்ஸும் தொகுத்த நிறைவு நூல் வெளிவந்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட மாகாணங்களின் வரைபடம் அப்போது கையில் இருந்தது.

வரைபடம் சொன்னது

முதலாவது, வறுமை ஒழிந்த பிறகுதான் பிறப்பு குறையும் என்பது பொருந்தவில்லை. தொழிற்புரட்சி நடந்த இங்கிலாந்தில் அல்ல, வேளாண் நாடாக இருந்த பிரான்சில்தான் முதலில் பிறப்பு குறைந்தது. அதுவும் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னதாக. இங்கிலாந்தில் சரிவு தொடங்கியபோது ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே வேளாண்மையில் இருந்தார்கள். பல்கேரியாவில் தொடங்கியபோது ஏறத்தாழ 70 விழுக்காட்டினர்.

இரண்டாவது, காலம். பிரான்சை விட்டுவிட்டால், ஐரோப்பிய மாகாணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் 1890 முதல் 1920 வரையிலான முப்பது ஆண்டுகளுக்குள் சரிவு தொடங்கிவிட்டது. பணக்கார மாகாணமும் ஏழை மாகாணமும் அடுத்தடுத்து மாறின.

மூன்றாவது, மொழி. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியும் பிளெமிஷ் பேசும் பகுதியும் சந்திக்கும் எல்லை உண்டு. அதன் இருபுறமும் அருகருகே இருந்த ஊர்களை லெஸ்தாக ஒப்பிட்டார். தொழில், வருமானம் போன்றவற்றில் ஒத்த ஊர்களிலும்கூட, பிரெஞ்சு பேசும் பக்கத்தில் பிறப்பு முன்னதாகக் குறைந்தது. ஒரே சந்தைக்குப் போகிறவர்கள்தாம். ஆனால் திருமணம், குழந்தை, குடும்பம் போன்றவற்றை யார் யாரோடு பேசிக்கொண்டார்கள் என்பதை மொழி தீர்மானித்தது.

இவற்றையெல்லாம் வைத்துக் கோல் 1973இல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். எத்தனை குழந்தை என்பது தம்பதியர் எண்ணி முடிவெடுக்கக்கூடிய ஒன்று என்ற நினைப்பு வர வேண்டும். சிறு குடும்பம் தங்களுக்கு நல்லது என்று தோன்ற வேண்டும். அதற்கான வழிமுறை கைக்கு எட்ட வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மாற்றம் வராது.

இதைப் படித்தபோது நம் மண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றித் தமிழில் வெளிப்படையாக எழுதினார், மேடைகளில் பேசினார். எத்தனை பிள்ளை என்பது பெண் முடிவு செய்யவேண்டிய ஒன்று என்ற பேச்சு இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பெண் கல்வி, சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து வசதி என்று பலவும் சேர்ந்தே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. ஆனால் பேச்சுக்கும் அதில் பங்கு உண்டு என்று கருத ஐரோப்பிய வரைபடம் இடம் தருகிறது.

சறுக்கிய இடம்

பிறகு வந்த ஆய்வாளர்கள் இந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சோதித்தார்கள். மாகாணம் என்பது மிகப் பெரிய அலகு. ஒரே மாகாணத்துக்குள் நகரமும் சிற்றூரும், ஆலையும் வயலும் கலந்திருக்கும்போது, பொருளாதாரத்தின் விளைவு சராசரிக்குள் மறைந்துவிடும் என்றார்கள். 1994இல் கேலவே, ஹேமல், லீ ஆகிய மூவர் பிரஷ்யாவின் நானூற்றுக்கும் மேற்பட்ட சிறிய மாவட்டங்களை ஆராய்ந்தார்கள். அங்கே பொருளாதார மாற்றங்களுக்கும் பிறப்புச் சரிவுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. 2007இல் பிரௌன், கின்னேன் இருவரும் பிரின்ஸ்டன் திட்டத்தின் புள்ளியியல் முறையிலேயே குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள்.

இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. முந்தையவர்கள் தங்கள் எண்களையும் முறையையும் திறந்து வைத்திருந்ததால்தான் பிந்தையவர்களால் குறை காண முடிந்தது. நாட்டுச் சராசரிக்குள் மறைந்ததை மாகாண வரைபடம் காட்டியது. மாகாணத்துக்குள் மறைந்ததை மாவட்ட வரைபடம் காட்டியது. என் மாணவி கேட்டதும் அதைத்தானே?

புதுச்சேரியும் திருவனந்தபுரமும்

இந்தியாவின் மாவட்டங்களுக்கு இப்படி ஒரு வரைபடத்தை வரைந்தவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்தோஃப் கில்மோத்தோவும், திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த எஸ். இருதய ராஜனும். இவர்களின் கட்டுரை 2001இல் வந்தது. கில்மோத்தோ 1990களின் பிற்பகுதியில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கருவுறுதல் ஆய்வுத் திட்டத்தை நடத்தியவர். தென் மாநிலங்களின் ஊர்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, ஊர் அளவிலேயே பிறப்பின் போக்கை அத்திட்டம் ஆராய்ந்தது.

இங்கேயும் ஐரோப்பாவில் வந்த தடைதான். நம் நாட்டில் பிறப்புப் பதிவு நெடுங்காலம் முழுமையாக இல்லை. எனவே அவர்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே நம்பினார்கள். சிறு குழந்தைகளின் எண்ணிக்கைக்கும், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களின் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு மாவட்டத்துக்கும், 1951 முதல் 1991 வரை கணக்கிட்டார்கள்.

வரைபடத்தில் ஒரு நகர்வு தெரிந்தது. பிறப்பு விகிதச் சரிவு நாட்டின் தென்கோடியிலும் கடற்கரையோரங்களிலும் தொடங்கி, பக்கத்து மாவட்டம், அதற்கடுத்த மாவட்டம் என்று உள்நோக்கிப் பரவி, கடைசியாகக் கங்கைச் சமவெளியை அடைந்தது. மாநில எல்லைகளில் அது நின்றுவிடவில்லை. அண்டை மாவட்டங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. ஸ்பெயினில் லெஷர் பார்த்ததன் சாயல் இங்கும் இருந்தது.

வகுப்பறையில் நான் செய்த தவறு

இவற்றைப் படித்த உற்சாகத்தில் ஒரு செயல்பாடு கொடுத்தேன். "உங்கள் பாட்டிக்கு எத்தனை குழந்தைகள், அம்மாவுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டு எழுதி வாருங்கள்." முப்பத்திரண்டு மாணவர்கள் எழுதி வந்தார்கள். சராசரி கண்டு, பாட்டி காலத்து எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டினோம்.

எங்கள் பள்ளிக் கணித ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கணக்கில் குழந்தையே இல்லாத பாட்டி எத்தனை பேர்?" என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை. இருக்கவும் முடியாது. பேரப்பிள்ளை இருந்தால்தானே என் வகுப்பில் பதில் வரும்? அது மட்டுமல்ல, எட்டுப் பிள்ளை பெற்ற பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் அதிகம். அவர் கணக்கில் வரும் வாய்ப்பும் அதிகம்.

அவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். நான்கு பெண்கள், அவர்களுக்கு முறையே 0, 1, 2, 5 குழந்தைகள். மொத்தம் 8. ஒரு பெண்ணுக்குச் சராசரி 2. இப்போது அந்த எட்டுக் குழந்தைகளிடம், "உன் அம்மாவுக்கு எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டால் பதில்கள் 1, 2, 2, 5, 5, 5, 5, 5. கூட்டுத்தொகை 30. சராசரி 3.75. அதே குடும்பங்கள்தாம், கேட்ட ஆள் மாறியதால் விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. சாமுவேல் பிரஸ்டன் என்ற மக்கள்தொகையியலாளர் 1976இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

சுவரில் ஒட்டியதை நாங்கள் கிழிக்கவில்லை. அதன் கீழே, "இந்த எண் ஏன் உண்மையைவிடப் பெரியது?" என்று எழுதி ஒட்டினோம். அந்த ஆண்டின் நல்ல பாடம் அதுதான்.

நீங்கள் செய்து பார்ப்பதானால் மூன்று பரிந்துரைகள். குழந்தைகளைப் பற்றிக் கேட்பதைவிட, ஊரின் தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பத்தாண்டுக்கு ஒரு முறை முதல் வகுப்பில் சேர்ந்தோர் எண்ணிக்கையைத் தலைமையாசிரியர் அனுமதியோடு எடுத்துப் பாருங்கள். பெயர்கள் வேண்டாம், எண் போதும். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு ஒப்பிடும்முன், இரு பள்ளிகளும் ஒரே மாதத்தில், ஒரே விதியில் எண்ணியவையா என்று உறுதி செய்யுங்கள். வீட்டில் கேட்கச் சொன்னால், இறந்த குழந்தை, குழந்தையின்மை பற்றி யாரையும் வற்புறுத்திக் கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் கையிலுள்ள படிவம்

2011 கணக்கெடுப்பில் நானும் கணக்கெடுப்பாளராகப் போனேன். வெயிலில் தெருத் தெருவாக நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாட்டியிடம் வயது கேட்டேன். "ஒரு அறுபது இருக்கும், எழுதிக்கோ கண்ணு" என்றார். எழுதினேன். அடுத்த தெருவில் ஒருவர், "நாற்பது, நாற்பத்தைந்து போடுங்க" என்றார். நாற்பத்தைந்து போட்டேன். 0, 5 ஆகிய இலக்கங்களில் முடியும் வயதுகளில் இப்படி மக்கள் குவிவதை மக்கள்தொகையியலாளர்கள் தனியாக அளந்து திருத்துகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. எந்தத் திருவிழா ஆண்டில் திருமணம், மூத்த மகனுக்கு என்ன வயது என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும்.

இன்னொன்று இன்றும் உறுத்துகிறது. ஒரு வீட்டு மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். "அவங்க அங்க சேர்த்துப்பாங்க டீச்சர்" என்றார் மாமியார். தாய்வீட்டுக்குப் போன கணக்கெடுப்பாளரிடம், "அவ புகுந்த வீட்டுல சேர்த்துப்பாங்க" என்று சொல்லியிருந்தால்? அந்தத் தாயும் கைக்குழந்தையும் இரண்டு வீட்டுக் கணக்கிலும் இல்லை. கணக்கெடுப்பில் எளிதாக விடுபடுவது கைக்குழந்தைதான். மாவட்ட வரைபடம் முழுவதும் நின்றது அந்தச் சிறு குழந்தைகளின் எண்ணிக்கையின் மேல்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது போன்ற மாற்றங்களையெல்லாம் சரிசெய்த பிறகே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட முடியும். அதை ஆய்வாளர்கள் செய்வார்கள். திண்ணையில் விடுபட்ட குழந்தையை மட்டும் எந்த நாட்டு ஆய்வாளராலும் பிறகு தேடிச் சேர்க்க முடியாது.

பிரின்ஸ்டனில் இருந்தவர்களும் யாரோ ஒரு மாகாணத்தில், யாரோ ஒரு குமாஸ்தா நூறு ஆண்டுகள் முன்பு எழுதி வைத்ததைத்தான் படித்தார்கள். கவனமாக எழுதியவரின் மாகாணம் வரைபடத்தில் தெளிவாக வந்தது. அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

அந்த மாணவிக்கு அடுத்த வாரம் பதில் சொன்னேன். "நீ சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. நாடு முழுக்க எண்ணினால் கூடுது. உன் ஊரில் எண்ணினால் குறையுது. ரெண்டையும் ஒரே முறையில் எண்ணினால்தான் எது எங்கே என்று தெரியும்" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எங்க ஊரை யாரு டீச்சர் எண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

நாம்தான்.